கண்ணாடி அறையில் சொன்னது

மெட்ராஸ் போய்வந்ததிலிருந்து கலாமணிக்கு வீட்டில் ஒரு புதுப் பெயர் கிடைத்திருந்தது. ‘கம்ப்யூட்டர் மேடம்.’ அப்படிக் கூப்பிட்டுவிட்டு அவள் கணவர் திருமலைசாமி சிரிப்பார். அவளும் சிரித்துவைப்பாள். பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தவளுக்கு அந்தத் திரையில் ஒரு கோடுகூட நம்பிக்கையாக இழுக்க வராது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவளுக்கு. இன்னொன்று நாத்தனார் லோகநாயகிக்கு.

பீளமேட்டில் உள்ள அந்தப் பாலிடெக்னிக்கில் கலாமணி டிராயிங் ஆசிரியை. லோகநாயகிக்கு அங்கேயே கம்ப்யூட்டர் லேபில் வேலை. தாளாளரிடம் சொல்லி அந்த வேலையை வாங்கித் தந்தவளே கலாமணிதான். அப்போது யாருக்குத் தெரியும், டிராயிங் போர்டையே தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரையச் சொல்லும் காலம் வரும் என்று?

வருகிற ஜூனிலிருந்து மெஷின் டிராயிங் வகுப்பு கம்ப்யூட்டருக்கு மாறுகிறது. அதை நடத்தப்போவது அண்ணியா, நாத்தனாரா என்று தாளாளர் இன்னும் வாய் திறக்கவில்லை. அதனால் மூவரும் இருந்த துடியலூர் வீட்டில் கொஞ்ச நாளாக எல்லோரும் எல்லோரிடமும் அளந்துதான் பேசினார்கள்.

அன்று காலை திருமலைசாமி இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

“இன்னிக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா வாராங்களாமா? ட்ரெய்னிங் எப்படி இருந்துச்சு, இன்னும் என்ன வேணும்னு வாத்தியாருகளைத் தனித்தனியாக் கூப்புட்டுக் கேப்பாங்களாமா?”

கலாமணி சட்னிக் கரண்டியோடு நின்றாள். இதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

“உங்களுக்கு ஆருங்க சொன்னது?”

“ஆரோ சொன்னாங்க. அத விடு. நல்லதா நாலு வார்த்தை சொல்லிப்போட்டு வா. முதலாளி செலவு பண்ணி அனுப்புன கோர்ஸு. நீ குறை சொன்னா அவுருக்குத்தான் அசிங்கம். எனக்கும் அசிங்கம்.”

அவர் ‘முதலாளி’ என்றது தாளாளர் அரங்கசாமியை. பாலிடெக்னிக் மட்டுமில்லை, மோட்டார் பம்ப் கம்பெனியும் அரங்கசாமியுடையதுதான். திருமலைசாமியின் லேத் பட்டறைக்கு வேலை வருவதே அந்தக் கம்பெனியிலிருந்துதான்.

“நான் எதுக்குங்க குறை சொல்றேன்?” என்றாள் கலாமணி.

கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டிருந்த லோகநாயகி கண்ணாடி வழியாகவே அண்ணியைப் பார்த்தாள். பார்வை சந்தித்ததும் ரிப்பனைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை.

“போன வருசம் என்னை எதுக்கு அனுப்புனாங்க தெரியுமுங்களா?” என்றார் பவுண்டரியில் இரும்பு வார்க்கக் கற்றுத்தரும் ஆசிரியர் பாலுசாமி. “ஆளுமை வளர்ச்சி! காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மண்ணுல நிக்கறவனுக்கு எதுக்குங்க ஆளுமை? கண்ண மூடிக்கிட்டு மலைமேல நிக்கறாப்பல நெனைங்கன்னாங்க. நான் தூங்கியே போட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“நீங்க கேட்டது என்னங்க சார்?” என்றாள் கலாமணி.

“புது உலை வந்திருக்குது, அத ஓட்டற எடத்துல ஒரு வாரம் நிக்க விடுங்கன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் இடமில்லைன்னுட்டாங்க.” பாலுசாமி குரலைத் தாழ்த்தினார். “மேடம், ஒன்னு நெனப்புல வெச்சுக்குங்க. உள்ள போயி ‘எல்லாம் நல்லா இருந்துச்சுங்க’ன்னு சொல்லிப்போட்டு வந்துருங்க. எனக்கு இது தெரியாது, கத்துக் குடுங்கன்னு ஆரு சொல்றாங்களோ, அந்தப் பேருதான் மொதல்ல போகும். என்ர மச்சான் மில்லுல இருந்தப்ப இப்படித்தான் வந்து தேனாட்டம் கேட்டாங்க. புது மிஷினு பழக்கமில்லீங்கன்னு அவன் வெள்ளந்தியாச் சொன்னான். ரெண்டாம் மாசம் ஊட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க.”

யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

விசாரிக்க வந்தவர் பெயர் வசுந்தரா. ஆசிரியர்களுக்கே பாடம் சொல்லும் பேராசிரியை. கம்ப்யூட்டர் லேபுக்குள் ஒரு மூலையில் இருந்த கண்ணாடி அறையை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஏ.சி. இருந்த இடம் அந்த லேப் ஒன்றுதான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போன கலாமணிக்குத் தரை சில்லென்றிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லோகநாயகி கம்ப்யூட்டர்களின் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க சொல்றது இந்த அறையை விட்டு வெளியே போகாது. யார் பேரையும் நான் எழுதிக்கறதில்லை” என்றார் வசுந்தரா. “சொல்லுங்க, ட்ரெய்னிங் எப்படி இருந்தது?”

“நல்லா இருந்துச்சுங்க மேடம்.”

“பயனுள்ளதா?”

“ஆமாங்க.”

வசுந்தரா பேனாவை மூடிக் கீழே வைத்தார். “காலையிலேருந்து வந்த எல்லாருக்குமே எல்லாமே நல்லா இருந்திருக்கு. சந்தோஷம். நான் வேற ஒண்ணு கேக்கறேன். உங்களை அனுப்பறதுக்கு முன்னாடி, உங்களுக்கு என்ன கத்துக்கணும்னு யாராவது உங்களைக் கேட்டாங்களா?”

இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு கேள்வி கலாமணியின் காதில் விழுந்ததில்லை. ‘ஞாயித்துக்கெழம ரயில், பெட்டியக் கட்டிக்குங்க’ என்று ஆபீஸ் உதவியாளர் வந்து சொன்னதோடு சரி.

“இல்லீங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மற்றதெல்லாம் வந்துவிட்டது.

“நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டருங்க. கூட இருந்த மூணு பேரும் ஆம்பளைங்க. மவுஸு அவங்களுக்குள்ளயே சுத்தும், என் பக்கம் வராது. கேட்டு வாங்கக் கூச்சம். ‘உங்க கையெழுத்து நல்லா இருக்கு மேடம், நீங்க நோட்ஸ் எழுதுங்க’ன்னாங்க. பத்து நாளும் அதத்தான் பண்ணுனேன். நடத்துனவரு கடகடன்னு இங்கிலீஷ்லயே பேசிட்டுப் போயிட்டாரு. ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு நடத்துன பாடமுங்க அது. தெரியாதுன்னு வந்தவங்க தெரியாமயே திரும்பிட்டோம்.”

“இப்ப உங்களுக்கு என்ன வேணும்?”

“எனக்கு டிராயிங் தெரியுமுங்க. ஒரு வால்வைக் கையில குடுத்தா, அதைக் குறுக்க வெட்டுனா உள்ள எப்படி இருக்கும்னு வரைஞ்சு காட்டிருவேன். அதை அந்தப் பெட்டிக்குள்ள கொண்டுபோகத்தான் தெரியல. இன்னொரு சர்டிபிகேட் வேண்டாமுங்க. ஒரு மிஷின் முன்னாடி என்னைத் தனியா விட்டாப் போதும். தப்புப் பண்ண ஒரு எடம் வேணும். பசங்க முன்னாடி தப்புப் பண்ண முடியுமுங்களா?”

“லேப்ல இருக்கறது உங்க நாத்தனார்னு சொன்னாங்க. அவங்ககிட்டக் கேட்டுக்கலாமே.”

“அவ சொல்லித் தர மாட்டாளுங்க மேடம். நான் கத்துக்கிட்டா அவளுக்கு எடமில்லையே.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. இவ்வளவு நாளாக அந்த எண்ணம் தனக்குள் இருந்ததுகூட அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் லோகநாயகி இல்லை.

மதியம் இரண்டாவது மணி அடித்ததும் தாளாளர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

அரங்கசாமி எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். கோபத்திலும் ‘ங்க’ குறையாது. அதுதான் எல்லோருக்கும் பயம்.

“உக்காருங்கம்மணி. மெட்ராஸ் கோர்ஸு ஒன்னும் புரியலையாமா? நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டராமா?”

கலாமணி உட்காரவில்லை.

“அதுல ஒன்னும் கேவலமில்லீங்க. ஒரு வயசுக்கு மேல புதுசு ஏறாது. எனக்கே ஏற மாட்டேங்குது. ஆனா, தப்புப் பண்ண எடம் வேணும்னு கேட்டீங்களாமே? பீஸு கட்டிப் படிக்கற பசங்க. அவங்களை வெச்சுக்கிட்டு, இங்க அதுக்கு எங்கீங்க எடம்?”

அவள் சொன்ன வார்த்தை. ஓர் எழுத்து மாறாமல்.

“உங்ககிட்ட ஆருங்க சொன்னது?”

“என்ர காலேஜுல நடக்கறது எனக்குத் தெரியாம இருக்குமுங்களா?” அரங்கசாமி சிரித்தார். “ஊட்டுல இருந்து ரெஸ்ட் எடுக்கறதப் பத்தி யோசிங்க. அவசரமில்லை, ஜூன் வரைக்கும் டைம் இருக்குது. போறப்ப லோகநாயகிய வரச் சொல்லீருங்க.”

கலாமணி வராந்தாவுக்கு வந்தாள். அந்த மெட்ராஸ்காரிதான். பேரை எழுத மாட்டேன், வெளியே போகாது என்று நயமாகப் பேசி வாயைப் பிடுங்கி, மதியச் சாப்பாட்டிலேயே கக்கியிருக்கிறாள். பாலுசாமி எவ்வளவு சொன்னார்!

வசுந்தரா கிளம்பிக்கொண்டிருந்தார். போர்ட்டிகோவில் ஆட்டோ நின்றிருந்தது. கலாமணி ஓட்டமும் நடையுமாகப் போய் வழியை மறித்தாள்.

“மேடம், வெளிய போகாதுன்னு சொன்னீங்களே. முதலாளிகிட்ட என்னப்பத்தி எதுக்குங்க சொன்னீங்க?”

வசுந்தராவின் முகம் மாறியது. கோபமில்லை, குழப்பம்.

“உங்க தாளாளரையா? நான் இன்னும் அவரைப் பார்க்கவே இல்லையேம்மா. மதியம் கேட்டப்ப ‘பம்ப் கம்பெனியில இருக்கார், மூணு மணிக்கு மேல வாங்க’ன்னாங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. கேன்டீன்ல உங்க பாலுசாமி சார்கூட உட்கார்ந்து சாப்பிட்டேன், அவ்வளவுதான். ஏன், என்ன ஆச்சு?”

“ஒன்னுமில்லீங்க” என்றாள் கலாமணி.

“இன்னிக்கு என்கிட்ட உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். அது உங்களுக்குக் கெடுதலா முடிஞ்சா நான் இந்த வேலைக்கு வந்ததுக்கே அர்த்தமில்லை. எனக்கு எழுதுங்க.” ஆட்டோ கிளம்பிப் போனது.

அப்படியானால் பாலுசாமியா? அந்த வார்த்தைகளை அவர் கேட்கவே இல்லையே. அறைக்குள் இருந்தது இருவர். கண்ணாடிக்கு வெளியே இருந்தது ஒருத்தி.

நான்கு மணிக்கு மேல் லேபில் மாணவர்கள் யாருமில்லை. கலாமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். போனதும் நேராக அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடித் தடுப்பு கூரை வரை போகவில்லை. ஒரே ஏ.சி. இரண்டு பக்கமும் குளிரூட்ட, மேலே ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தார்கள். பல தடவை வந்துபோன இடம். இன்றுதான் அது கண்ணில் பட்டது.

“ஒட்டுக் கேட்டயா லோகு?”

லோகநாயகி அவளைப் பார்த்தாள். ஊர் வழக்கப்படி அண்ணியை அவள் ‘நங்கை’ என்றுதான் கூப்பிடுவாள். இப்போதும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

“காதுல உழுந்துச்சுங்க நங்கை. ஒட்டுக் கேக்கல.”

“உழுந்தத முதலாளிகிட்டப் போயிச் சொன்னயா?”

“நான் போகல. மதியத்துக்கு மேல அவருதான் கூப்புட்டு உட்டாரு. நான் போறதுக்குள்ள எல்லாமே அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நான் சொல்லித் தர மாட்டேன்னு நீங்க சொன்னதுங்கூட.”

கலாமணி அப்போதுதான் நினைவு வந்தவள்போல் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

லோகநாயகி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டரைப் போட்டு, மவுஸை அண்ணியின் வலது கைப்பக்கம் நகர்த்தினாள்.

“உக்காருங்க. கோடு இதுல, வட்டம் இதுல, அழிக்கறது இதுல. நான் வெளிய வராந்தாவுல நிக்கறேன். தப்புப் பண்ணுங்க.”

கதவு சாத்திக்கொண்டது.

இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்குமோ என்றுதான் கலாமணிக்கு முதலில் தோன்றியது. அனுமதியில்லாமல் லேபில் உட்கார்ந்தாள் என்று நாளைக்கு அதற்கும் ஒரு குற்றம் வருமோ? எழுந்துவிடலாம் என்று நினைத்தவளின் கை மவுஸின்மேல் இருந்தது.

முதல் கோடு திரையைத் தாண்டி எங்கோ போனது. அழித்தாள். வட்டம் போட்டால் பாதித் திரையை விழுங்கியது. அழித்தாள். எழுதிவைத்த நோட்ஸில் இருந்ததெல்லாம் நினைவில் இருந்தது, கைதான் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் எத்தனை தப்பு என்று கணக்கே இல்லை. தாள் கிழியவில்லை, ரப்பர் தூள் பறக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு குழாய் இணைப்பின் வட்டத் தகடு திரையில் உருவானது. சுற்றிலும் போல்ட் துளைகள். ஒரு துளை மட்டும் கோணலாக நின்றது. அதை அழித்துச் சரியான இடத்தில் வைத்தபோது கலாமணி தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

சத்தம் கேட்டு லோகநாயகி வந்தாள். திரையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நங்கை, இன்னொன்னு சொல்லோணும். ஜூன்ல இருந்து மெஷின் டிராயிங் உனக்குத்தான், வேலையும் நிரந்தரம்னாரு முதலாளி. ‘உங்கண்ணன் பொங்கலுக்கு முன்னாடியே வந்து கேட்டுக்கிட்டாரு’ன்னும் சொன்னாரு.”

“பொங்கலுக்கு முன்னாடியா?” கலாமணிக்கு உடனே புரியவில்லை. பயிற்சிக்கு அவள் போனது மாசிக் கடைசியில். “அப்பறம் என்னை எதுக்கு மெட்ராஸ் அனுப்புனாங்க?”

“அனுப்பிப் பாத்தோம், அவங்களுக்கு ஏறலைன்னு சொல்லிக்கலாமில்லீங்களா.”

ரயிலடிக்கு வந்து, பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் நின்று ‘நல்லாப் படிச்சுட்டு வா’ என்று கையாட்டிய மனிதர்!

“நான் வேண்டாம்னு சொல்லீருவேன்” என்று லோகநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணன்கிட்ட நானே சொல்றேன். உங்க எடம் எனக்கு வேண்டாமுங்க.”

வீட்டுக்குப் போகும்போது டி.வி.எஸ். ஃபிப்டி மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்த லோகநாயகியின் கை கலாமணியின் தோள்மேல் இருந்தது. அதை நம்பலாம் என்று அவள் மனம் பாதி வழி வரை சொன்னது.

வீட்டில் திருமலைசாமி குளித்து, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் மைசூர்பாக் பொட்டலம்.

“வெள்ளிக்கெழம லோகுவப் பொண்ணு பாக்க ஒறம்பரை வாராங்க” என்றார். “சூலூர்ப் பக்கம். நல்ல குடும்பம். மாப்பிள்ளை பேங்குல இருக்கறாரு. பொண்ணுக்கு நிரந்தர வேலையான்னு ஒன்னுதான் கேட்டாங்க. ஜூன்ல ஆயிரும்னு சொல்லிப்போட்டேன்.” தங்கையைப் பார்த்தார். “சரிதானே அம்மணி?”

கலாமணி அடுப்படியில் தோசைக்கல் முன்னால் நின்றிருந்தாள். திரும்பவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டாள்.

லோகநாயகி மைசூர்பாக் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

“சரிங்கண்ணா.”

தோசை தீய்ந்து வாசனை வந்தது. கலாமணி அதை எடுத்து ஓரம் போட்டுவிட்டு வேறொன்று ஊற்றினாள். அது வெந்ததும் கணவரின் தட்டில் கொண்டுபோய்ப் போட்டாள்.

“பொங்கலுக்கு முன்னாடியே முதலாளிகிட்டப் பேசிப்போட்டீங்களாமா?”

திருமலைசாமியின் கை நின்றது. “ஆரு சொன்னது?”

“ஆரோ சொன்னாங்க.”

அவர் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. “இதுல என்ன தப்பு? நீயும் எத்தனை வருசந்தான் நின்னுக்கிட்டே பாடம் நடத்துவ? கால் வீங்கிக்கிட்டு வாரே. பட்டறைக்கும் ஒரு ஆள் வேணும். இவளுக்கும் ஒரு நல்லது நடக்கும். எல்லாருக்கும் நல்லதுன்னுதான் பண்ணுனேன்.”

“நல்லதுதானுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டா நீ ஒத்துக்குவியா?”

“மாட்டேன்” என்றாள் கலாமணி. “அதுக்குத்தானுங்க கேக்கறது.”

திருமலைசாமி தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தார். இருபது வருஷக் கல்யாணத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. இப்போது குரலைத் தாழ்த்தாமலே தொடர்ந்தாள்.

“நாளைக்குக் காலைல முதல் வேலையா முதலாளியப் பாக்கப் போறேன். எனக்கு என்ன தெரியாதுன்னு ஆளாளுக்கு அவருகிட்டச் சொல்லியாச்சு. எனக்கு என்ன வேணும்னு நானே போயிச் சொல்லிக்கறேன். ஒரு மாசம் சாயங்காலத்துல ஒரு மிஷின். ஜூன்ல பசங்களை வெச்சு அவரே என்னைச் சோதிச்சுப் பாக்கட்டும்.”

“நாளைக்கு வேண்டாமுங்க நங்கை!”

சொன்னது திருமலைசாமி இல்லை. லோகநாயகி. தட்டை வைத்துவிட்டு எழுந்தே நின்றிருந்தாள்.

“ஏன்?” என்றாள் கலாமணி. “நாளைக்கு என்ன?”

லோகநாயகி அண்ணனைப் பார்த்தாள். அவர், வேண்டாம் என்பதுபோல், மெல்லத் தலையசைத்தார். முதலாளியிடம் போனால், கண்ணாடி அறையில் சொன்னதை அவரிடம் சேர்த்தது யார் என்பதும் வெளியே வந்துவிடும் என்ற பயம் இருவர் முகத்திலும் தெரிந்தது.

கலாமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர்கள் இருவருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.